ரீலோட் தோட்டாவும் பிஸ்டலும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்மவான்பேட்டை, கணியம்பாடி பக்கம் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு பாதிப்பேர் பேங்க் காவலுக்கும் தனியார் பாதுகாப்பு வேலைக்கும் போகிறார்கள். சிலரிடம் சொந்த லைசென்ஸில் .32 பிஸ்டல் இருக்கிறது. இன்னொரு பக்கம், விஐடி-யில் படித்துவிட்டு டெக்சாஸ், அரிசோனா என்று போன பிள்ளைகள் வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வீடியோ அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்பாக்கள் என்னிடம் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவைப்பது சுலபம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ரீலோட் தோட்டான்னா இன்னா சார்? பழைய தோட்டாவா?

பழைய தோட்டா இல்லை. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கேஸ், அதன் அடியில் தட்டினால் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது கேஸ் மட்டும். பட்டாளத்தில் இதைத்தான் 'கோக்கா' என்போம். ஃபயரிங் முடிந்ததும் எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மைதானத்தைச் சல்லடை போட்டுத் தேட வேண்டும் என்பது சர்வீஸில் இருந்தவர்களுக்கு மறக்காது.

அந்தக் காலி கேஸைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அமுக்கி, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோட். ஆக, பழையது கேஸ் மட்டுமே. கேட்பவர்கள் எல்லோரும் அந்தக் கேஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படுவது மருந்தை அளந்து போட்ட ஆளைப் பற்றி. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. நம்ம ஊர்ல வீட்லயே பண்ணிக்கலாமா?

கூடாது. உங்கள் லைசென்ஸ் புத்தகம் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கவும் வைத்திருக்கவும்தான். தோட்டா தயாரிக்க 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் தயாரித்தால் என்ன தண்டனை என்று கேட்டால் பலர் அபராதம் என்று நினைக்கிறார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். 'ஒரு ஐம்பது தோட்டாதானே, நம்ம உபயோகத்துக்குத்தானே' என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

அதனால் இங்கே இருப்பவர்கள் பெட்டி பிரிக்காத ஃபாக்டரி தோட்டாவை லைசென்ஸ் பெற்ற கடையில் பில் போட்டு வாங்குங்கள். எப்படி ரீலோட் செய்வது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் அது இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கையில் வருவது பாதுகாப்பானதா என்பதும், இங்கே யாராவது 'சல்லிசா தோட்டா இருக்கு' என்று நீட்டினால் ஏன் ஒதுங்க வேண்டும் என்பதும்தான் விஷயம்.

அமெரிக்காவுல இது சாதாரணமாமே? அங்க மட்டும் எப்படி?

சாதாரணம்தான். அங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை. விற்க வேண்டுமென்றால்தான் தேவை. தோட்டாவில் விலை கூடிய பாகம் பித்தளைக் கேஸ். அதை மறுபடி பயன்படுத்தினால் செலவு குறைகிறது. போட்டிக்குச் சுடுபவர்கள் மாதம் ஆயிரக்கணக்கில் சுடுகிறார்கள், தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும்படி செய்துகொள்கிறார்கள். நல்ல கருவியும் பொறுமையும் இருக்கிற ஆள் ஃபாக்டரியை விடச் சீரான தோட்டா செய்துவிடுவார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரீலோட் என்றாலே துப்பாக்கி வெடித்து விரல் போகும் என்று பயமுறுத்துவது சரியில்லை.

ரிவால்வர்ல ரீலோட் போட்டா பரவால்ல, பிஸ்டல்லதான் ஆபத்துன்றாங்களே, நெசமா?

பாதி நிஜம். மருந்து இரண்டு மடங்கு விழுந்த தோட்டா ரிவால்வரையும் உடைக்கும். ஆனால் பிஸ்டல் தோட்டாவிடம் எதிர்பார்ப்பது அதிகம். ரிவால்வரில் உருளையைச் சுற்றுவது உங்கள் விரல். பிஸ்டலில் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலி கேஸை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து எடுத்து, சுடும்போது தோட்டா இருக்கும் சேம்பருக்குள் தள்ளும் வேலை முழுக்க அந்தத் தோட்டாவின் சக்தியில்தான் நடக்கிறது. மருந்து குறைந்தால் ஸ்லைடு பாதியில் நிற்கும், காலி கேஸ் வெளியேறும் வாயில் சிக்கும். மருந்து கூடினால் ஸ்லைடு வேகமாக வந்து ஃபிரேமில் மோதும்.

அடுத்தது, தோட்டா உள்ளே போகும் விதம். ரிவால்வரில் கையால் மெதுவாக வைக்கிறோம். பிஸ்டலில் தோட்டாவின் மூக்கு ஒரு சரிவில் இடித்து ஏறிப் போகிறது. குண்டு கேஸில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் அந்த இடியில் உள்ளே அமுங்கிவிடும். அதன் விளைவு அடுத்த கேள்வியில். பிரைமர் சரியாக உட்காராமல் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால், ஸ்லைடு அறைந்து மூடும்போதே வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது.

மூன்றாவது, பலர் யோசிக்காதது. சில பிஸ்டல்களில் சேம்பரின் அடிப்பக்கம், தோட்டா ஏறும் சரிவுக்குப் பக்கத்தில், கேஸைச் சுற்றி முழுச் சுவர் இருக்காது. கேஸின் அடி கொஞ்சம் தாங்கலில்லாமல் நிற்கும். .40 அளவில் வந்த ஆரம்பகால கிளாக் பிஸ்டல்கள் இதற்குப் பெயர் போனவை. சுடும்போது கேஸ் அந்த இடத்தில் லேசாக உப்பும். ரீலோட் செய்பவர் அமுக்கியதும் உப்பல் மறைந்துவிடும், ஆனால் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். அடுத்த தடவை அதே பலவீனம் அதே தாங்கலில்லாத இடத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தால் கேஸ் கிழியும். வாயு மேகசின் வழியாகக் கீழே, கைப்பிடிக்குள் பாயும். பிஸ்டல் கேஸை எங்கேயோ தூக்கி எறிவதால் ரேஞ்சுத் தரையில் எல்லோருடைய கேஸும் கலந்து கிடக்கும். அதைப் பொறுக்கி ரீலோட் செய்தவருக்கு எது எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று தெரியாது.

பிஸ்டலே வெடிச்சிடும்னு சொல்றாங்களே, அவ்ளோ அழுத்தமா வரும்?

வரும். கார் டயரில் 30, 35 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். 9 எம்எம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அளவு 35,000 பிஎஸ்ஐ. நம்மூர் லைசென்ஸில் கிடைக்கும் .32 பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. பெரிய .45-க்கே 21,000-தான், ஏனென்றால் அழுத்தம் குண்டின் தடிமனைப் பொறுத்தது இல்லை. இந்த அளவுக்குள் இருக்கும்வரை துப்பாக்கி வருடக்கணக்கில் உழைக்கும்.

அளவு தாண்டுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, இரட்டை மருந்து. பிஸ்டலில் போடுவது வேகமாக எரியும் மருந்து. கொஞ்சம் போதும். பல சமயம் கேஸில் பாதி கூட நிரம்பாது. அதனால் அதே கேஸில் இன்னொரு தடவை மருந்து விழுந்தாலும் வழியாது, குண்டு வழக்கம்போல உட்கார்ந்துவிடும், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. ரீலோட் செய்பவர் நடுவில் ஒரு போன் எடுத்துப் பேசிவிட்டு, எங்கே விட்டோம் என்று மறந்து, மருந்து போடும் கருவியின் லீவரை மறுபடி இழுத்தால் போதும். இரண்டாவது, மேலே சொன்ன அமுங்கிய குண்டு. உள்ளே இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தம் கொடுக்கும். பிஸ்டல் கேஸ் சின்னது என்பதால் கொஞ்சம் அமுங்கினாலே வித்தியாசம் பெரிது.

வெடித்தால் பெரும்பாலும் மேகசின் கீழே பிய்த்துக்கொண்டு விழும், கைப்பிடித் தகடு பிளக்கும், கேஸ் துண்டு முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் ரேஞ்சில் நிற்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

'டப்'புன்னு சின்னதா சத்தம் வந்துச்சு, ஸ்லைடு அசையல. இழுத்து விட்டு அடுத்தத சுடலாமா?

சுடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அது மருந்து விழாமல் போன தோட்டாவாக இருக்கலாம். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைப் பேரல் என்ற குழாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றிருக்கும். ஸ்குவிப் என்பார்கள். அந்த நேரத்தில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து அடுத்த தோட்டாவில். அடைத்துக்கொண்டிருக்கும் பேரலில் நல்ல தோட்டாவைச் சுட்டால் பேரல் உப்பும் அல்லது பிளக்கும். இரட்டை மருந்து எந்த மேசையில் நடக்கிறதோ, அதே மேசையில்தான் இதுவும் நடக்கிறது. ஒரு கேஸில் இரண்டு தடவை விழுந்தால் இன்னொன்றில் விழாமலும் போகலாம்.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. சுடும்போது நின்றுபோனால் யோசிக்காமல் காக் செய்து, குறி வைத்து, மறுபடி சுட வேண்டும் என்று ஐ.ஏ. (உடனடி நடவடிக்கை) டிரில் பழக்கியிருக்கிறார்கள். சண்டையில் அது சரி. அங்கே தோட்டா ஃபாக்டரியில் செய்தது, எதிரி முன்னால் நிற்கிறான். ரேஞ்சில், அதிலும் ரீலோட் தோட்டாவோடு, அந்தப் பழக்கமே உங்கள் எதிரி. சத்தம் குறைந்தால், உதைப்பு குறைந்தால், இலக்கில் ஓட்டை விழாவிட்டால், ஸ்லைடு தானாக வேலை செய்யாவிட்டால் நிறுத்துங்கள். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் நில்லுங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து பூட்டி, சேம்பர் காலி என்று பார்த்து, ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். பேரலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடைப்பு தெரிந்துவிடும். இன்னொரு குண்டைச் சுட்டு முதல் குண்டைத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் பிஸ்டலை வாங்கிப் பார்த்துவிட்டு, வேறு பேச்சு பேசினேன்.

காதுப் பாதுகாப்பு போட்டிருக்கும்போது சத்தத்தின் வித்தியாசம் சட்டென்று தெரியாது. வேகமாகச் சுடும்போது இன்னும் தெரியாது. ரீலோட் தோட்டாவில் வேகமாகச் சுட்டுப் பழக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ட்ரிகர் அழுத்துனேன், 'டிக்'குன்னு மட்டும் கேட்டுச்சு. உடனே எடுத்துப் பாக்கலாமா?

பார்க்க வேண்டாம். சில சமயம் பிரைமர் தாமதமாகப் பற்றும். முனையை இலக்குப் பக்கமே வைத்து குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். சில ரேஞ்சுகளில் 60 என்று விதி வைத்திருப்பார்கள். அப்புறம் மேகசினைக் கழற்றி, முகத்தை ஒதுக்கி, தோட்டாவை வெளியே எடுங்கள். அதை மறுபடி போட்டுச் சுடுவது, கையில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பது இரண்டும் வேண்டாம்.

என் பையனோட ஆபீஸ் ஃப்ரெண்டு வீட்ல செஞ்சி குடுக்கறாராம். பத்து வருஷமா செய்றாரு, நம்பலாமா?

நல்ல மனிதராக இருக்கலாம். ஆனாலும் அவர் தோட்டாவை அவர் சுடட்டும். இதுதான் அங்கேயும் அனுபவஸ்தர்கள் கடைப்பிடிக்கும் விதி: தான் செய்ததைத் தான் சுடு, அடுத்தவர் செய்ததை வாங்காதே, உன்னுடையதை அடுத்தவருக்குக் கொடுக்காதே. அவர் தன் துப்பாக்கியின் சேம்பருக்குச் சரிபார்த்திருப்பார். உங்கள் பையன் துப்பாக்கியின் சேம்பர் அதை விடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், ஸ்லைடு முழுசாக மூடாமல் நிற்கலாம். பத்து வருடத்தில் அவர் பாதியில் போன் எடுத்த நாட்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது.

அண்ணன் தம்பி பழக்கத்தில் மறுக்கக் கூச்சமாக இருக்கும். 'என் துப்பாக்கிக்கு வாரண்டி போயிடும்' என்று சொல்லச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, அதற்கான காரணம் அடுத்து வருகிறது.

கிளாக் கம்பெனி ரீலோட் போட்டா வாரண்டி கிடையாதுன்னு சொல்லுதே. புதுத் தோட்டா விக்கற தந்திரம்தானே?

கிளாக் தோட்டா விற்பதில்லை, அதனால் தந்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலான துப்பாக்கிக் கம்பெனிகளின் கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும். யாரோ ஒருவர் வீட்டில் என்ன போட்டார் என்று தெரியாத தோட்டாவுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பார்கள்? கோர்ட்டுக்குப் பயந்து எழுதியதும் உண்டு, மறுக்கவில்லை.

கிளாக்கில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய மாடல்களின் பேரல் உள்ளே கூர்மையான வரிகளுக்குப் பதில் பலகோண வடிவம் இருக்கும். ரீலோட் செய்பவர்கள் செலவைக் குறைக்க, செம்பு உறை இல்லாத வெறும் ஈயக் குண்டு வைப்பது வழக்கம். அந்த வடிவத்தில் ஈயம் படிந்துகொண்டே போகும், வழி குறுகும், அழுத்தம் கூடும். முதல் ஐம்பது தோட்டா நன்றாகப் போகும். அதை வைத்து ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கடையில பெட்டியில போட்டு 'ரீமேனுஃபாக்சர்டு'ன்னு விக்கறாங்களே, அதுவும் இதே கதைதானா?

இல்லை. அது கம்பெனி ரீலோட். அமெரிக்காவில் விற்பனைக்குத் தோட்டா செய்கிறவர்கள் மத்திய அரசு லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். பெட்டியில் கம்பெனி பெயரும், எந்தத் தொகுதியில் செய்தது என்று சொல்லும் லாட் எண்ணும் இருக்கும், கெட்ட லாட் என்றால் திரும்ப வாங்குவார்கள். வீட்டுத் தயாரிப்பை விட நம்பகம் கூடுதல், புதுத் தோட்டாவை விடக் குறைவு. இதற்கும் வாரண்டி கிடையாது என்று சில துப்பாக்கிக் கம்பெனிகள் சொல்லும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ஜிப் கவரில் கட்டி, மேலே மார்க்கரால் எழுதி, ஆயுதக் கண்காட்சியில் விற்பதை மட்டும் தொட வேண்டாம்.

கண்ணால பாத்தே கண்டுபிடிக்க முடியாதா?

பாதியைக் கண்டுபிடிக்கலாம். கேஸில் விரிசல், அடியிலிருந்து சற்று மேலே வட்டமாகத் தெரியும் பளபளப்பான கோடு, துருத்திய பிரைமர், பக்கத்தில் இருப்பதை விடக் குட்டையான தோட்டா, விரலால் அழுத்தினால் அசையும் குண்டு, இவை எல்லாம் ஒதுக்க வேண்டியவை. பேரலைக் கழற்றி வைத்து, தோட்டா சேம்பருக்குள் தானாக விழுந்து தானாக வெளியே வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

கண்டுபிடிக்க முடியாத பாதி மருந்து. எடை போட்டுப் பார்க்கிறேன் என்பவர்கள் உண்டு. கேஸும் குண்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடை மாறும். மருந்தின் எடை அந்த வித்தியாசத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். ஆக, வெளியே பார்த்து நல்ல தோட்டா என்று சான்றிதழ் கொடுக்க யாராலும் முடியாது.

ஒரு கேஸ எத்தினி தடவ போடலாம்?

நிலையான எண் கிடையாது. அழுத்தம் குறைந்த .45 கேஸ் நிறைய தடவை தாங்கும், 9 எம்எம் அதை விடக் குறைவு. அலுமினியக் கேஸ் ஒரு தடவைதான். கேஸின் வாய் விரிந்து சுருங்கி விரிந்து கடைசியில் கீறும். அதற்கு முன்பே குண்டைப் பிடிக்கும் இறுக்கம் போய்விடும், அமுங்கும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் டியூட்டி முடிஞ்சதும் சேம்பர்ல இருந்து எடுத்துடுவேன், காலைல அதையே மறுபடி ஏத்துவேன். ஃபாக்டரி தோட்டாதான். பிரச்சினை இல்லியே?

பிரச்சினை உண்டு, இது ரீலோட் போடாதவர்களுக்கும் பொருந்தும். காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் காவலுக்கு நிற்கும் தோழர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். மேகசினில் மேலே இருக்கும் அதே ஒரு தோட்டா தினமும் சரிவில் இடித்து ஏறுகிறது. மாதக்கணக்கில் இடி வாங்கினால் ஃபாக்டரி தோட்டாவிலும் குண்டு உள்ளே போகும். அழுத்தம் எப்படிக் கூடும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் புதுத் தோட்டா ஒன்றை நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உயரம் சரியாக இருந்தாலும் மேலே வருகிற தோட்டாவை அவ்வப்போது இடம் மாற்றுங்கள், ஒரே தோட்டா எல்லா இடியையும் வாங்க வேண்டாம். நிறுவன விதி அனுமதித்தால் சேம்பரைக் காலியாக வைத்து மேகசினை மட்டும் போட்டு நிற்பது இன்னும் நல்லது, ஏற்றி இறக்கும் வேலையே இல்லை.

.32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் ஒண்ணுதானே? ஒரே நம்பர்தான இருக்கு?

ஒன்று இல்லை. நம்பர் ஒன்று என்பதால் இந்தக் குழப்பம் நம் ஊரில் நிறைய. ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பு முழுசாகத் தெரியும். பிஸ்டல் தோட்டா குட்டை, விளிம்பு லேசாக மட்டும் துருத்தும். பிஸ்டல் தோட்டா சில .32 ரிவால்வர்களில் உள்ளே போய் உட்காரும், அதுதான் வம்பு. பிஸ்டல் தோட்டாவுக்கு மேலே சொன்ன 20,500 பிஎஸ்ஐ, நீள ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000-தான். ரிவால்வர் அந்தக் கூடுதலுக்காகச் செய்யப்பட்டது இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெட்டியோடு வையுங்கள்.

பட்டாளத்துல 9 எம்எம்தான் சுட்டோம். அதையே வாங்கிக்கலாமா?

முடியாது. 9 எம்எம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட அளவு. பொதுமக்களுக்குக் கிடைப்பது .32, .22, 12 போர் மாதிரியான அளவுகள்தான். சர்வீஸ் 9 எம்எம் தோட்டா ஒன்று பழைய டிரங்க் பெட்டியில் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் படிக்க வேண்டியது கடைசிக் கேள்வி.

எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சி வாங்கினேன். வேலூர் வெயில்ல தோட்டா கெட்டிருக்குமா?

சில மாதத்தில் கெடாது. வெயில் ஆகாதது வருடக்கணக்கில்தான். நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் தோட்டா மருந்து செய்கிறது. மருந்துக்குக் குளிர்ந்த, உலர்ந்த இடம் பிடிக்கும் என்பதை அங்கே வேலை பார்த்த எவரும் சொல்வார். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே, கார் டேஷ்போர்டில் வைக்காமல் இருந்தால் போதும். திரும்ப வாங்கும்போது எண்ணிக்கையோடு பெட்டியின் லாட் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

வெயிலை விடக் கெடுதல் எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டு மிச்சத்தைத் தோட்டாவிலும் தடவுகிறார்கள். மெல்லிய எண்ணெய் பிரைமர் ஓரமாக உள்ளே இறங்கிச் செயலிழக்க வைக்கும். 'கொழுப்பு தடவுன தோட்டாவாலதான் நம்ம கோட்டையில கலகமே வந்துச்சு' என்று ஒரு பெரியவர் இதற்குப் பதில் சொன்னார். அது 1857, வடக்கே. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ல் நடந்ததற்குக் காரணம் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையும், திருநீறு, தாடிக்குப் போட்ட தடையும். எப்படியானாலும் தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

தாத்தா காலத்து 12 போர் தோட்டா ஒரு பெட்டி இருக்கு. அதையெல்லாம் அந்தக் காலத்துல ரீலோட் பண்ணுவாங்களே?

செய்தார்கள். 12 போரில் அழுத்தம் குறைவு. பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் உப்பி உள்ளே போகாது, போனால் வெளியே வராது. சுட வேண்டாம். ஜவ்வாது மலைப் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அதில் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிப்பார்கள், மருந்தே வேறு. அந்தக் கைப்பழக்கத்தை நவீன மருந்தில் காட்டினால் கை மிஞ்சாது.

பையன் ஊருக்கு வரும்போது ஞாபகத்துக்கு ஒரு காலி கேஸ் எடுத்தாரேன்றான். பரவால்லியா?

வேண்டாம். ஸ்கேனரில் தோட்டா உருவம் தெரிந்தால் முதலில் உங்களை ஓரமாக நிறுத்துவார்கள், அப்புறம்தான் காலியா இல்லையா என்ற பேச்சு. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே பயணத்துக்கும் எடுத்து, மடிப்பில் ஒரு நிஜத் தோட்டா தங்கிவிட்டதால் ஏர்போர்ட்டில் மாட்டியவர்கள் பலர். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் வழக்கு நிற்காமல் போகலாம். ஆயுதம் தன்னிடம் இருப்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்கும்வரை விமானமும் போச்சு, லீவும் போச்சு. ரேஞ்சுப் பை தனி, பயணப் பை தனி.

கொழந்தைங்கள ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறான். கேஸ் பொறுக்க விடலாமா?

விட வேண்டாம். பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது, சுட்ட கேஸின் கரியிலும் அது ஒட்டியிருக்கும். பெரியவர்களும் ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. வீட்டில் ரீலோட் செய்பவர்கள் அதே மேசையில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை வீடியோவில் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கவில்லை.

வேண்டாத தோட்டாவ இன்னா பண்றது? பாலாத்துல போட்டுடலாமா?

போடக் கூடாது. பாலாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான், மாடு மேய்க்கும் பையன் கையில் கிடைக்கும். குப்பையில் போட்டால் குப்பை எரிக்கும் இடத்தில் வெடிக்கும். குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டலாம் என்றும் முயல வேண்டாம்.

லைசென்ஸில் வாங்கியது என்றால், பழுதான தோட்டாவை லைசென்ஸ் புத்தகத்தோடு வாங்கிய கடைக்கோ உங்கள் ஸ்டேஷனுக்கோ கொண்டுபோய்க் கொடுத்து, கணக்கில் குறைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா, தாத்தா பெட்டியில் லைசென்ஸ் இல்லாமல் கிடைத்தது என்றால், கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முதலில் ஒரு வக்கீலிடம் பேசி, ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.